பொம்பெயா, ஹெர்குலேனியமா? ஒரே நாள்தான் கையில் இருந்தால்

இத்தாலியின் நேப்பிள்ஸில் எங்களுக்கு இரண்டு நாள் இருந்தது. பக்கத்திலேயே பொம்பெய், ஹெர்குலேனியம் என்று வெசூவியஸ் எரிமலை புதைத்த இரண்டு பழைய ரோம நகரங்கள். ஆனால் அம்மாவின் முழங்கால் ஒரு நாளுக்குத்தான் தாங்கும். அதனால் முதல் நாள் நான் மட்டும் பொம்பெய் போய் வந்தேன். மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஹெர்குலேனியம். இரண்டில் எனக்குப் பிடித்தது ஹெர்குலேனியம்தான். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன், பார்த்துப் படியுங்கள்.

போவதில் பெரிய வித்தியாசம் இல்லை. நேப்பிள்ஸ் கரிபால்டி நிலையத்திலிருந்து சொரென்டோ போகும் சிர்கும்வெசூவியானா ரயிலே இரண்டுக்கும் போகிறது. ஹெர்குலேனியத்துக்கு இறங்க வேண்டிய எர்கோலானோ ஸ்காவி நிலையம் 20 நிமிடம். பொம்பெய் அதைத் தாண்டி இன்னொரு கால் மணிக்கு மேல். பொம்பெயில் ரயிலைவிட்டு இறங்கினால் எதிரிலேயே வாசல். எர்கோலானோவில் கடைத்தெரு வழியாகக் கடலைப் பார்த்துப் பத்து நிமிட இறக்கம். திரும்பும்போது அது ஏற்றம் என்பது எங்களுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. இன்னொன்று, பொம்பெயில் 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டிலும் பெயர் இருக்கும். சீசனில் போகிறவர்கள் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

பொம்பெயின் பெருமை அதன் அளவு. மொத்தம் 66 ஹெக்டேர், மூன்றில் இரண்டு பங்கு தோண்டியாகிவிட்டது. ஃபோரம் என்ற நடுச் சதுக்கம், நாடக அரங்குகள், கி.மு. 70 வாக்கில் கட்டிய வட்ட அரங்கம், வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் பதிந்த தெருக்கள் என்று ஒரு முழு ஊரே இருக்கிறது. மழைத் தண்ணீரில் கால் படாமல் தெருவைக் கடக்கப் போட்ட கற்களில் நானும் தாண்டிப் பார்த்தேன். ஆனால் மூன்றாவது மணி நேரத்தில், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இப்போதுதானே இங்கிருந்து வந்தோம் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. நான்கு சுவர், மேலே வானம். கூரை, கதவு, மாடி எல்லாவற்றையும் நாமேதான் மனதுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும். தலைக்கு மேல் வெயில், கையில் காலி தண்ணீர் பாட்டில். இந்த நிலையில் எத்தனை வீடு கட்டுவது?

என்னைப் பொறுத்தவரை விஷயமே இதில்தான் இருக்கிறது. கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்தபோது காற்று தென்கிழக்காக அடித்தது. நுரைக்கல் மழை முழுக்கப் பொம்பெய் மேல் கொட்ட, பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. மூடியது பொலபொலவென்ற கல்லும் சாம்பலும்தான், அதுவும் ஐந்தாறு மீட்டர். அதற்குள் கிடந்த மரமெல்லாம் காலப்போக்கில் மக்கிப்போனது. மலைக்கு மேற்கே இருந்த ஹெர்குலேனியத்தில் முதலில் லேசாகத்தான் சாம்பல் விழுந்தது. இரவில்தான் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் வெள்ளமாக இறங்கி, அடுத்தடுத்து வந்து, ஊரை 20 மீட்டர் ஆழத்தில் புதைத்துக் கல்லாக இறுகிவிட்டது. கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இது புரியும். காற்றுப் போகாமல் மண்ணால் மூடிவிட்டால் விறகு சாம்பலாகாது, கரியாகும். அங்கே ஒரு ஊரே அப்படி மூட்டம் போடப்பட்டுவிட்டது.

அதனால் அங்கே மரம் இருக்கிறது. கரியாகிப்போன உத்தரம் சுவரில் செருகியபடியே நிற்கிறது. மரத்தடுப்பு வீடு என்று ஒன்று. முற்றத்துக்கும் வீட்டுக்காரர் ஆட்களைச் சந்திக்கும் அறைக்கும் நடுவே இருந்த மடக்குக் கதவு, கண்ணாடிக்குப் பின்னால் கன்னங்கரேலென்று அப்படியே நிற்கிறது. விளக்கு மாட்டும் வெண்கலக் கொக்கிகூடப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, மரச்சட்டத்துக்குள் கல்லும் சாந்தும் அடைத்து மலிவாகக் கட்டிய ஒரு மாடி வீடு. அதன் பால்கனி தெரு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. நெப்டியூன் மொசைக் (சிறு துண்டுகளைப் பதித்துச் செய்த படம்) இருக்கும் வீட்டை ஒட்டிய கடையில் ஜாடிகள் அடுக்கிய மரப்பலகை இருக்கிறது. இங்கே மனதில் கட்டிக்கொள்ள எனக்கு எதுவும் மிச்சமில்லை.

அம்மா என்னவோ பாதி நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தின் விளிம்பில்தான் இன்றைய எர்கோலானோ வீடுகள். பால்கனிகளில் துணி காய்கிறது. “அந்தத் துணி கீழ விழுந்தா யாருடா போய் எடுப்பா?” என்றார். நகரத்தின் பெரும்பகுதி இன்னும் அந்த வீடுகளுக்கு அடியில்தான் கிடக்கிறது. திறந்திருப்பது நாலரை ஹெக்டேர் அளவுதான். நிதானமாகச் சுற்றினாலும் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதன் குறையும் அதுதான். சந்தையும் கோயிலும் கூட்டமுமாக ஒரு ரோம நகரம் எப்படி இயங்கியது என்று பார்க்க வேண்டுமானால் பொம்பெய்தான், பேச்சே இல்லை. நான் பொம்பெய்க்குப் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் அரைகுறைத் திட்டத்தோடு. நல்ல வழிகாட்டியோடு காலையிலேயே உள்ளே போயிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ. ரோமைவிட்டு நகர முடியாதவர்களுக்கு அரை மணி ரயில் தூரத்தில் ஓஸ்தியா அன்டிகா என்ற பழைய ரோமத் துறைமுக நகரம் இருக்கிறது. பைன் மர நிழலும் மொசைக் தரைகளுமாக நன்றாகவே இருந்தது. ஆனால் நான் அங்கே இருந்தது இரண்டு மணி நேரம்தான்.

எதற்குப் போனாலும் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள் (செவ்வாய் விடுமுறை). பொம்பெயின் அலெக்சாண்டர் மொசைக் அங்கேதான் இருக்கிறது, ஊரில் இருப்பது நகல். 1938-இல் பொம்பெயில் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பமும் அங்கே உண்டு. ‘பொம்பெய் லட்சுமி’ என்று பெயர், யட்சியாகத்தான் இருக்கும் என்பவர்களும் உண்டு. லட்சுமி என்றதும் அம்மா ஆசையாகக் கிளம்பிவிட்டார். அதை வைத்திருப்பதோ, பொம்பெயின் காமச் சிற்பங்களையும் ஓவியங்களையும் சேர்த்துவைத்த ‘ரகசிய அறை’யில். வாசல் வரை கூட்டிப்போய்விட்டு, நான் ஃபோன் வந்த மாதிரி நகர்ந்துவிட்டேன்.