காலைத் தொங்கவிடும் தஞ்சோரா, இருட்டில் மிரட்டும் ஆர்லாண்டோ

பொங்கல் முடிந்த மறுவாரம் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ஒரு கட்சிக்கு என் மகள் தலைமை. திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்கு வேன் பிடித்துப் போய் வந்த பதினோரு பேரும் அவள் பக்கம். எதிர்க்கட்சியில் ஒரே ஒருவன், என் தங்கை மகன். ஃபுளோரிடாவில் வேலை பார்க்கிறவன், விடுமுறைக்கு வந்திருந்தான். ஆர்லாண்டோவில் 2025 மே 22 அன்று திறக்கப்பட்ட எபிக் யூனிவர்ஸ் பூங்காவுக்கு மூன்று முறை போனவன். ஆளை முழுதாக உள்ளே இழுத்துக்கொள்ளும் ரைடு எது என்பதுதான் வழக்கு. மூன்று இரவுகள் ஓடியது.

திருப்போரூருக்கு நானும் போயிருந்தேன். ஆர்லாண்டோவை அவன் சொல்லித்தான் அறிவேன். அதையும் மனத்தில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

திருப்போரூரின் பெரிய ரோலர் கோஸ்டருக்கு வைத்த தஞ்சோரா என்ற பெயரே எங்களைப் பாதி வழி இழுத்துவிட்டது. தஞ்சாவூரை நினைத்து வைத்த பெயர். ரோலர் கோஸ்டர் செய்வதில் உலகப் பெயர் பெற்ற சுவிட்சர்லாந்து நிறுவனமான பொலிகர் அண்ட் மபியார் செய்தது. இந்த வகையில் அவர்கள் இந்தியாவில் அமைத்த முதல் வண்டி இதுதான். வழக்கமான ரோலர் கோஸ்டரில் தண்டவாளம் காலுக்கடியில் ஓடும். இதில் தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கிறது. இருக்கை அதிலிருந்து தொங்குகிறது, கால் வெறும் காற்றில் ஆடுகிறது. 1992இல் அமெரிக்காவில் இந்த வகையை முதன்முதலில் ஓட்டிக் காட்டியதும் இதே நிறுவனம்தான்.

கால் தொங்குவதால் அப்படி என்ன வந்துவிடப் போகிறது என்று ஏறும்வரை நானும் நினைத்தேன். மனிதனுக்குத் தைரியம் பாதத்தில்தான் இருக்கிறது என்பது அங்கே புரிந்தது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கு அடி கனம். எவ்வளவு சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். நாமும் அப்படித்தான், காலடியில் எதையாவது ஊன்றியிருக்கும்வரை கலங்குவதில்லை. அந்த அடியைப் பிடுங்கிவிட்டு ஆளைத் தலைகீழாகச் சுழற்றினால், மூளை எதைப் பிடித்துக்கொள்வது என்று தேடுகிறது. வளைவின் அடியில் உடல் கல்லாகக் கனக்கிறது, உச்சியில் பஞ்சாகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கால் எதிலாவது இடித்துவிடும் என்றே தோன்றியதாக மகள் சொன்னாள். இந்த வகை வண்டிகளின் சாமர்த்தியமே அதுதான். உண்மையில் போதிய இடைவெளி இருக்கிறது, கண்தான் அதை நம்ப மறுக்கிறது.

இறங்கி வந்தபோது அவளுடைய கால் விரல்கள் மடங்கியே இருந்தன. செருப்பின் வாருக்குள் நுழையாமல் இரண்டு முறை நழுவின, மூன்றாம் முறை கையால் பிடித்து நுழைத்துக்கொண்டாள். அண்ணன் எதுவும் பேசாமல் நேராக வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். அண்ணி முழுப் பயணத்தையும் கண்ணை மூடியே முடித்திருந்தார், ஆனாலும் ஊர் திரும்பும்வரை அதைப் பற்றித்தான் பேசினார். இந்த மூன்றும்தான் எங்கள் கட்சியின் சாட்சியங்கள்.

ஆர்லாண்டோ சங்கதி வேறு. அங்கே ரைடு என்பது கதைக்குள் போவது. அங்கும் ரசிகர்கள் இரண்டு அணி என்றான் மருமகன். ஒன்று, ‘ஹாரி பாட்டர் அண்ட் தி பேட்டில் அட் தி மினிஸ்ட்ரி’. மந்திரவாதிகளின் அரசு அலுவலகத்தை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்க்கவைக்கும் மண்டபம், அதன் வழியேதான் வரிசை. வண்டியோ முன்னே மட்டும் போகாது, லிஃப்ட் மாதிரி மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாம் நகரும். இன்னொன்று ‘மான்ஸ்டர்ஸ் அன்செயின்டு’. இதில் இருக்கையை ஒரு ரோபோ கை ஏந்திக்கொண்டு போகிறது. இருட்டுக்குள் ஆளுயரப் பூதங்கள் இயந்திர உடலோடு நேரே வந்து நிற்கின்றன.

முதலாவதைப் பார்த்தவர்களில் பலரும் வரிசையைத்தான் கொண்டாடினார்களாம். மண்டபம் அவ்வளவு பிரம்மாண்டமாக இருந்ததால் ரைடு இரண்டாமிடத்துக்குப் போய்விட்டது என்பது அவர்களில் சிலரின் குறை. திரைகளை அதிகம் நம்பிவிட்டார்கள் என்பது இன்னொரு குறை. எனக்கு இந்த இரண்டாவது குறை நியாயமாகவே படுகிறது. திரையில் காட்சி பாயும்போது கண் ‘ஓடுகிறோம்’ என்கிறது, காதுக்குள் சமநிலை பார்க்கும் உறுப்போ ‘அவ்வளவு ஓடவில்லையே’ என்கிறது. சிலருக்குத் தலை சுற்றுவது இதனால்தான். சுற்றாதவர்களுக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

எதிரே உருவமாக ஒன்று வந்து நின்றால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இதை நான் ஆர்லாண்டோவிலா கற்க வேண்டும்? பத்து வயதில் மெலட்டூரில் பார்த்தாயிற்று. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் சன்னதித் தெருவில் நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம். பிரகலாதன் கதை விடிய விடிய நடக்கும். தூணிலிருந்து நரசிம்மர் வெளிப்படும்போது முகமூடி அணிந்தவருக்கு ஆவேசம் வந்துவிடும். இரணியன் வேடக்காரர் மேல் பாய்ந்துவிடாதபடி அவரைச் சிலர் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிடிக்குள் அவர் திமிறியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அம்மாவின் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். மருமகன் பூதத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல எனக்கு நினைவு வந்தது அந்த இரவுதான். ஆர்லாண்டோவின் இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் பூதங்களின் பக்கம் கையைத் தூக்குவேன். மூன்றாம் இரவில் அவனும் அதையே ஒப்புக்கொண்டான்.

காத்திருப்பு என்ற கணக்கில் மட்டும் மினிஸ்ட்ரிதான் முன்னால் நிற்கிறது. மணிக்கணக்கில் நின்றவர்களும் ‘நின்றதே தெரியவில்லை’ என்றிருக்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேரை ஒரு முறையாவது வடம் பிடித்தவர்களுக்கு இது விளங்கும். அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. அது சட்டென்று வந்து நிற்கிற பொருளா? முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்கு ஓரடி தள்ளிக் குனிந்தபடியே கூட வருவார். கட்டை சறுக்கும்போது கருகிய மர வாசனை எழும். ‘ஆரூரா, தியாகேசா’ என்று கூட்டம் முழங்கும். தேர் அசையாத நேரம்தான் அசையும் நேரத்தைவிட அதிகம், ஆனால் யாரும் அதைக் காத்திருப்பு என்று சொல்லிக் கேட்டதில்லை.

செலவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஒன்றுக்கு வேன் வாடகையும் டிக்கெட்டும், மற்றதற்கு விசாவும் விமானமும். மாசிமகக் கூட்டத்தில் வரும் ராட்டினத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கச் சொன்னார் அண்ணன். ஆரக்காலைப் பிடித்துத் தொங்கித் தன் உடல் எடையாலேயே சக்கரத்தைச் சுற்றிவிடும் அந்த ஆளை நானும் மறக்கவில்லை. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

உடம்பை உலுக்க வேண்டுமா, தஞ்சோரா. இளைஞர்கள் நிறைந்த வேன் என்றால் வேறு யோசனையே வேண்டாம். போய் வந்து ஒரு மாதம் கழித்தும் பேச ஒரு கதை வேண்டுமா, மான்ஸ்டர்ஸ். மினிஸ்ட்ரி மூன்றாவது, அதுவும் வரிசைக்காக.

இதைச் சொல்லும்போதே எனக்கு ஓர் ஆசை வலுக்கிறது. எங்கள் தஞ்சைப் பெயர் தாங்கிய ஒரு வண்டி தமிழ்நாட்டில் பறக்கிறது. அடுத்ததாக எங்கள் கதையும் ஏற வேண்டும். கல்லே கிடைக்காத வண்டல் மண்ணில் 1010இல் எழுந்து நின்ற கருங்கல் கோயில், தஞ்சைப் பெரிய கோயில். விமானம் 216 அடி. உச்சிக் கல்லைச் சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்று ஊர் சொல்கிறது. அந்தச் சரிவில் அந்தக் கல்லோடு நாமும் மெல்ல ஏறுவதாக ஒரு ரைடு. முன்னே யானைகளின் பிளிறல், பின்னே வடத்தின் முறுக்கல், இருட்டில் தீவட்டி, ஒவ்வொரு அடிக்கும் கீழே விரிந்துகொண்டே போகும் காவிரிப் பரப்பு. திரை கொஞ்சமாக இருக்கட்டும். யானையும் ஆளும் உருவமாக வந்து நிற்கட்டும்.

மருமகன் உடனே பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சரிவை வரையத் தொடங்கினான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, உச்சியில் வண்டி ஒரு நொடி பின்னால் வழுக்க வேண்டும் என்று கோடு போட்டாள். திருப்போரூரில் எங்கள் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த அம்மா இருவர் தோளுக்கும் இடையில் எட்டிப் பார்த்து, “இதில் கால் ஊன்ற இடம் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இருக்கிறது அம்மாச்சி” என்று அவன் அங்கே ஒரு பலகையை வரைந்தான்.