நான்கு வருட கோர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன், இரண்டு அட்வைசர்கள்: பி.இ. முடித்தவனின் அனுபவம்

இந்த வருடம் பி.இ. ஈ.சி.இ. முடித்துவிட்டேன். கோவைப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரி. பெயர் சொல்லவில்லை, குறை சொல்லப் போகிறேன் என்பதால் மட்டுமில்லை, நான் எழுதுவதில் முக்கால்வாசி சிபிசிஎஸ் முறையில் (சில சப்ஜெக்டுகளை மாணவரே தேர்வு செய்து கிரெடிட் சேர்க்கும் முறை) நடக்கும் எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும். கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பிராஞ்ச் என்று ராத்திரி பகலாக அலசும் நம் வீடுகளில், சேர்ந்த பிறகு உள்ளே சப்ஜெக்ட் எப்படி எடுப்பது, யார் வழிகாட்டுவார்கள் என்று கேட்பவர் யாருமில்லை. நானும் கேட்டுக்கொண்டு சேரவில்லை. அதனால் சப்ஜெக்ட் பதிவு செய்யும் ஆன்லைன் போர்ட்டலையும், அந்தப் பதிவுக்கு அப்ரூவல் கொடுத்து வழிகாட்டும் ஆசிரியர், அதாவது அட்வைசர் முறையையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் எது ஏன் சொதப்புகிறது என்று புரியாது.

முதல் இரண்டு செமஸ்டரில் மாணவர் தேர்வு செய்ய ஒன்றுமே கிடையாது. மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, சி புரோகிராமிங், டிராயிங், தமிழர் மரபு எல்லாம் அவர்களே போட்டுவிடுவார்கள், நாம் போர்ட்டலில் நுழைந்து கன்ஃபர்ம் அழுத்தினால் போதும். இதில் ஒரு தீமை உண்டு. ரெஜிஸ்ட்ரேஷன் என்றால் கன்ஃபர்ம் அழுத்துவதுதான் என்று கை பழகிவிடும். மூன்றாவது வருடத்தில் எலெக்டிவ் (நாமே தேர்வு செய்யும் சப்ஜெக்ட்) வரும்போதும் பாதிப் பேர் அதே கையோடு அழுத்துகிறார்கள்.

போர்ட்டலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்கு ஐந்தாவது செமஸ்டரில் எலெக்டிவ் முந்தி வருபவருக்கு முன்னுரிமை என்று இருந்தது. காலை 9 மணிக்குத் திறக்கும், 9.05க்கு மெஷின் லேர்னிங் போய்விட்டிருக்கும், ஹாஸ்டல் வைஃபை படுத்துவிடும், தட்கல் டிக்கெட் போடுவது போலவேதான். வீட்டில் நல்ல நெட் இருக்கிற டே ஸ்காலருக்குக் கிடைக்கும், ஹாஸ்டல்காரனுக்கு மிச்சம். ஏகப்பட்ட புகாருக்குப் பிறகு அடுத்த செமஸ்டரில் மாற்றினார்கள்: ஐந்து விருப்பங்களை வரிசையாகக் கொடுத்துவிட வேண்டும், சி.ஜி.பி.ஏ. (அதுவரை வாங்கிய மார்க்கின் சராசரி) வரிசைப்படி ஒதுக்குவார்கள். இது நியாயமா என்று எங்கள் வகுப்பில் இன்னமும் சண்டை. என்னைக் கேட்டால் இரண்டுமே சரியில்லை. ஏற்கெனவே மார்க் குறைவாக இருப்பவன் யாரும் எடுக்காத சப்ஜெக்டுக்குத் தள்ளப்பட்டு, அதில் ஆர்வமில்லாமல் இன்னும் குறைவாக வாங்குவான். ஆனால் இந்த முறையில் பதற்றம் இல்லை, யோசிக்க மூன்று நாள் கிடைக்கிறது, அந்த மூன்று நாளில் அட்வைசரைப் பார்க்க முடிகிறது. அந்த ஒரு காரணத்துக்காக இதற்கே என் ஓட்டு.

இன்னொரு விஷயம், குறைந்தபட்ச எண்ணிக்கை சேராத எலெக்டிவை ரத்து செய்துவிடுவார்கள். லிஸ்டில் இருக்கிறது என்பதால் அது நடக்கும் என்று அர்த்தமில்லை. நான் ஆசைப்பட்ட ஆர்.எஃப். (ரேடியோ அலை) சம்பந்தப்பட்ட சப்ஜெக்ட் ஒன்று லிஸ்டில் வருவதும் ரத்தாவதுமாகவே இருந்தது. டிபார்ட்மென்டில் அதை நடத்தக்கூடிய ஒரே சார் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார் என்பது ஆபீஸுக்குத் தெரியும், போர்ட்டலுக்குத் தெரியாது.

சரி, போர்ட்டலின் உண்மையான ஓட்டைக்கு வருகிறேன். ஒவ்வொரு சப்ஜெக்டுக்கும் இத்தனை கிரெடிட் என்று ஒரு எடை உண்டு, போர்ட்டல் அதன் மொத்தத்தை மட்டும் காட்டும். டிகிரி கொடுப்பது மொத்தத்தைப் பார்த்து மட்டும் இல்லை, பிரிவுவாரியாகப் பார்த்து. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் மொத்தம் 160 கிரெடிட். அதில் ஹியூமானிட்டீஸ் 12, அடிப்படை அறிவியல் 25, இன்ஜினியரிங் சயின்ஸ் 24, புரொஃபஷனல் கோர் (நம் துறையின் கட்டாயப் பாடங்கள்) 48, புரொஃபஷனல் எலெக்டிவ் (நம் துறையில் தேர்வு செய்வது) 18, ஓப்பன் எலெக்டிவ் (பிற துறைகளில் தேர்வு செய்வது) 18, புராஜெக்ட் வகையறா 15. ஒவ்வொரு கல்லூரியும் இதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வைத்திருக்கும், ஆனால் அமைப்பு இதுதான். ஒரு கூடையில் அதிகமாகப் போட்டதை இன்னொரு கூடைக்கு மாற்ற முடியாது. எங்கள் ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பையன், நன்றாகப் படிப்பவன், எம்பெடட் பைத்தியம், கிடைத்த புரொஃபஷனல் எலெக்டிவ் எல்லாம் எடுத்தான். எட்டாவது செமஸ்டர் ஆரம்பத்தில் சி.ஓ.இ. (தேர்வுக் கட்டுப்பாட்டாளர்) ஆபீஸில் இருந்து கூப்பிட்டார்கள். மொத்தம் தேவைக்கு மேலேயே இருக்கிறது, ஓப்பன் எலெக்டிவ் ஒன்று குறைகிறது. பெங்களூரில் இன்டர்ன்ஷிப் சேர வேண்டியவன், வாரத்தில் மூன்று மணி நேர வகுப்பு ஒன்றுக்காகக் கல்லூரியிலேயே உட்கார்ந்தான். ஐந்து செமஸ்டர் அவனுடைய ரெஜிஸ்ட்ரேஷனுக்கு அப்ரூவல் கொடுத்த அட்வைசர் ஒரு தடவையாவது பிரிவுவாரியாகக் கூட்டிப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. போர்ட்டல் கூட்டிக் காட்டியிருந்தாலும் நடந்திருக்காது. அவன் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். ரெகுலேஷன்ஸ் புத்தகத்தை உட்கார்ந்து படித்த 19 வயதுப் பையனை நான் இன்னும் பார்க்கவில்லை.

இங்கேதான் அட்வைசர் வருகிறார். 20 பேருக்கு ஒருவர் என்று போடுகிறார்கள். எங்களுக்கு முதல் இரண்டு வருடம் ஒரு சார். நல்ல மனிதர், ஆனால் அவரிடம் அட்வைசிங் என்பது ஒரு கையெழுத்து. ஆன்லைனில் அப்ரூவ் அழுத்துவார், அட்டெண்டன்ஸ் குறைந்தால் வீட்டுக்குப் போன் போடுவார், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மூன்று தியரி, இரண்டு லேப், நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) விசிட்டுக்கு ஃபைல், அட்மிஷன் சமயத்தில் ஊர் ஊராகப் போய் ஆள் பிடிக்கும் வேலை, இதற்கு நடுவில் 20 பேர். அட்வைசிங்குக்கு என்று டைம்டேபிளில் அவருக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை.

மூன்றாவது வருடம் மாறி வந்தவர் ஒரு மேடம். முதல் சந்திப்பில் என் லிஸ்டைப் பார்க்கவே இல்லை. "நீ எந்தப் பக்கம் போகப் போறப்பா? கோர் கம்பெனியா, ஐ.டி.யா, மேல படிப்பா? அதை முதல்ல சொல்லு, அப்புறம் சப்ஜெக்டைப் பார்க்கலாம்" என்றார். தெரியவில்லை மேடம் என்றேன். "தெரியலைன்னா ரெண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிற மாதிரி எடு" என்று ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்தப் பிரிவில் எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி, எந்த செமஸ்டரில் எதை எடுத்தால் எட்டாவது செமஸ்டர் காலியாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தத் தாளின் போட்டோ கடைசி வரை என் போனில் இருந்தது, பக்கத்து பெஞ்ச் பையன்களும் அதைப் பார்த்துத் தங்கள் கணக்கைப் போட்டுக்கொண்டார்கள்.

அவர் சொன்ன இன்னொன்று: போர்ட்டல் நேரம் மோதுகிறதா என்று மட்டும்தான் பார்க்கும், முன்னால் என்ன படித்திருக்க வேண்டும் என்று பார்க்காது. இமேஜ் பிராசஸிங் லிஸ்டில் அழகாக இருக்கும், டி.எஸ்.பி.யில் (டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்) அரியர் வைத்துக்கொண்டு அதை எடுத்தால் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்மிலேயே மாட்டிக்கொள்வோம். அதேபோல கேட் (எம்.டெக். நுழைவுத் தேர்வு) எழுதப் போகிறவர்கள் கேட்டுக்காக எலெக்டிவ் தேடுவது வீண் என்றார். ஈ.சி. பேப்பரில் வருவது நெட்வொர்க்ஸ், சிக்னல்ஸ், டிவைசஸ், அனலாக், டிஜிட்டல், கன்ட்ரோல், கம்யூனிகேஷன், எலக்ட்ரோமேக்னடிக்ஸ். பெரும்பாலும் எல்லாமே கோரில் ஏற்கெனவே இருப்பவை. எலெக்டிவை வேறு எதற்காவது பயன்படுத்து, இதற்கு இரண்டாவது வருட நோட்டைத் திரும்ப எடு என்பது அவர் கணக்கு. எந்த யூடியூப் சீனியரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி. போன்றவை நடத்தும் ஆன்லைன் கோர்ஸ்கள்) பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். இந்தக் கோர்ஸ்கள் இருக்கும் மத்திய அரசுத் தளமான ஸ்வயம் வழியாகப் படித்ததைக் கல்லூரிக் கிரெடிட்டாக மாற்றலாம். யுஜிசி 2016இல் 20 சதவீதம் வரை என்று வைத்திருந்ததை 2021 விதிகளில் 40 சதவீதம் வரை உயர்த்தியது. எங்கள் கல்லூரியில் 12 வார கோர்ஸுக்கு 3 கிரெடிட், ஒரு எலெக்டிவுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். சேர்வது இலவசம், பரீட்சைக்குத் தனியாக 1000 ரூபாய் கட்டி, தனியாக ரெஜிஸ்டர் செய்ய வேண்டும். கோர்ஸில் சேர்ந்ததையே பரீட்சை ரெஜிஸ்ட்ரேஷன் என்று நினைத்து, தேதி தாண்டிய பிறகு தலையில் கை வைத்தவர்கள் எங்கள் பேட்சிலேயே இருந்தார்கள். மார்க் கணக்கு இப்படி: 12 அசைன்மென்டில் சிறந்த 8இன் சராசரிக்கு 25, நேரில் சென்டரில் போய் எழுதும் பரீட்சைக்கு 75. அசைன்மென்டில் 10ம் பரீட்சையில் 30ம் தனித்தனியாக வாங்கினால்தான் சர்டிஃபிகேட். அசைன்மென்டை டெலிகிராமில் பார்த்துக் காப்பி அடித்து 25க்கு 25 வாங்கியவனுக்குப் பரீட்சை ஹாலில்தான் கோர்ஸ் என்னவென்றே தெரியவரும்.

இதில் அட்வைசரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. சேர்வதற்கு முன்பே டிபார்ட்மென்டில் அந்தக் கோர்ஸுக்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நம் சிலபஸில் ஏற்கெனவே இருக்கும் சப்ஜெக்டோடு அது பாதிக்கு மேல் ஒத்துப்போனால் கிரெடிட் தர மாட்டார்கள். எலைட் சில்வர் என்ற உயர்ந்த கிரேடு வாங்கிவிட்டு, அது தேவையில்லாத சர்டிஃபிகேட்டாக லிங்க்ட்இன்னில் மட்டும் தொங்கும் கதைகள் உண்டு. அப்புறம், அந்த மார்க் சி.ஜி.பி.ஏ.யில் சேருமா, வெறும் கிரெடிட்டாக மட்டும் சேருமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மார்க்கும் சேருகிற கல்லூரி என்றால் 45 மார்க்கில் பாஸான சர்டிஃபிகேட்டைக் கொடுப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

டிகிரியோடு கூடுதலாக வாங்கும் ஹானர்ஸ் (நம் துறையில்), மைனர் (வேறு துறையில்) பற்றி ஒரே வரி: 18 கிரெடிட்டுக்குப் பக்கத்தில் கூடுதலாகப் படிக்க வேண்டும், நான் எடுக்கவில்லை, எடுத்தவர்களில் பாதிப் பேர் ஏழாவது செமஸ்டர் பிளேஸ்மென்ட் சமயத்தில் விட்டுவிட்டார்கள்.

அட்டெண்டன்ஸுக்கும் ரெஜிஸ்ட்ரேஷனுக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். உண்டு. 75 சதவீதம் வேண்டும், 65க்கும் 75க்கும் நடுவில் இருந்தால் மெடிக்கல் காட்டி, பணம் கட்டி காண்டனேஷன் (விலக்கு), அதற்கும் கீழே போனால் அந்த சப்ஜெக்டைத் திரும்ப ரெஜிஸ்டர் செய்து வகுப்பிலேயே உட்கார வேண்டும். கோர் சப்ஜெக்ட் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் அடுத்த வருட டைம்டேபிளோடு மோதும், அந்த மோதலால் இன்னொரு எலெக்டிவ் தள்ளிப்போகும். பரீட்சையில் போன அரியர் வேறு, அதைத் திரும்ப எழுதினால் போதும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் வருடமே சொல்லிக் கொடுக்க வேண்டும். வீட்டில் டெங்கு வந்து மூன்று வாரம் கிடந்த ஒரு பெண்ணுக்கு எங்கள் மேடம்தான் ஹெச்.ஓ.டி. வரை போய் நின்று, ஒரு சப்ஜெக்டை வித்ட்ரா செய்ய வைத்து மற்றதைக் காப்பாற்றினார். வித்ட்ராயல் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். இந்த மாதிரி நேரத்தில் எவ்வளவு நல்ல போர்ட்டலாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஏ.பி.சி. (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) ஐ.டி. எல்லாருக்கும் எடுக்கச் சொன்னார்கள், டிஜிலாக்கரில் ஐந்து நிமிட வேலை. 2021இல் வந்த திட்டம், கிரெடிட்டை வங்கியில் போல வைத்திருந்து வேறு கல்லூரிக்கு எடுத்துப் போகலாம், 7 வருடம் வரை செல்லும் என்கிறார்கள். என் பேட்சில் யாரும் அதை வைத்து எங்கேயும் போகவில்லை. ஆதாரில் இருக்கும் பெயரும் மார்க்‌ஷீட்டில் இருக்கும் பெயரும் இனிஷியலில் மாறியிருந்தால் மட்டும் முதல் வருடமே சரி செய்துவிடுங்கள், நம் ஊர் இனிஷியல் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்ற குழப்பத்தில் ஆபீஸ் ஜன்னலில் நின்றவர்கள் அதிகம்.

சித்தி பெண் ஆர்ட்ஸ் காலேஜில் பி.எஸ்ஸி. படிக்கிறாள். அங்கே 140 கிரெடிட், பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம் என்று ஐந்து பகுதி. தேர்வு செய்ய இருப்பது குறைவு, அதனால் தப்பு நடக்கவும் இடம் குறைவு. ஆனால் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாதிரி ஒன்றை முடிக்காமல் பகுதி 5 நிற்கும் என்பதை அவளுக்கு வகுப்புத் தோழிதான் சொன்னாளாம், ட்யூட்டர் (அங்கே அட்வைசருக்கு அதுதான் பெயர்) இல்லை.

மதிப்பெண் கேட்டால், போர்ட்டலுக்கு 5க்கு 3. அட்வைசிங்குக்கு முதல் இரண்டு வருடம் 1, பின் இரண்டு வருடம் 4.5. ஒரே கல்லூரி, ஒரே விதி, ஆள் மாறியதும் இவ்வளவு வித்தியாசம் என்பதுதான் என் பெரிய புகார். உங்களுக்கு எந்த மாதிரி அட்வைசர் வந்தாலும், ஐந்தாவது செமஸ்டர் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே பிரிவுவாரிக் கணக்கை நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், "இது சரியா பாருங்க சார்" என்று கொடுங்கள். வெறுங்கையோடு போய் என்ன எடுக்கட்டும் என்று கேட்டால் "சீனியர்ஸைக் கேளுப்பா" என்பார்கள். எழுதிய தாளைக் கையில் கொடுத்தால் கையெழுத்து சாரே பேனாவை எடுத்து இரண்டு இடத்தில் திருத்துகிறார், இதை ஜூனியர்களை அனுப்பிப் பார்த்துவிட்டேன். போர்ட்டலில் பிரிவுவாரிக் கூட்டல் கேட்டு நாங்கள் கொடுத்த மனு டீன் ஆபீஸில் இருக்கிறது, அந்த வசதி இந்த ஜூன் வரை வரவில்லை என்று அதே ஜூனியர்கள் சொல்கிறார்கள்.