ஜிடி86-க்கு அடுத்த செட் டயர்: 215-லேயே இருப்பதா, 225-ஆ, 18 அங்குலமா?

டொயோட்டா ஜிடி86 வைத்திருப்பவர்கள் முதல் செட் டயர் தேய்ந்ததும் ஒரே குழப்பத்தில்தான் வந்து நிற்கிறார்கள். சுபாரு பிஆர்ஸெட் வைத்திருந்தாலும் இதேதான், இரண்டும் ஒரே கார். கம்பெனி போட்டுக்கொடுத்த 215/45 ஆர்17 மிஷெலின் பிரைமசி எச்பி, சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸுக்கும் போன டயர். (215 என்பது மி.மீ.-ல் டயரின் அகலம், 45 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம்.) "அதைக் கழற்றி எறி, அகலமாகப் போடு, 18-க்குப் போ" என்று பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். எனக்கு இந்தக் காரின் மீது இருக்கும் பிரியத்தில் சொல்கிறேன், முதலில் அளவை முடிவு செய்யுங்கள், பிராண்ட் அதற்கப்புறம். பெரும்பாலானவர்கள் பிராண்டைப் பிடித்துக்கொண்டு அளவைக் கடைக்காரர் சொல்வதற்கு விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பிரைமசியைத் திட்டுவதற்கு முன் ஒரு விஷயம். 2012-ல் இந்தக் கார் வந்தபோது டொயோட்டாவின் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் அணி பிடிமானம் குறைந்த டயரைத் தெரிந்தேதான் கொடுத்தது. 200 குதிரைத்திறன் எஞ்சினை வைத்துக்கொண்டு, மிதமான வேகத்திலேயே பின்பக்கம் லேசாக நழுவி விளையாட வேண்டும் என்பதுதான் திட்டம். ஆகவே எந்த நல்ல டயரைப் போட்டாலும் அந்த விளையாட்டில் கொஞ்சம் போகும், பதிலுக்குப் பிரேக் பிடிக்கும் தூரம் குறையும், மழைக்காலத் தைரியம் கூடும். எவ்வளவு கொடுத்து எவ்வளவு வாங்குவது என்பதில்தான் அளவுகளும் பிராண்டுகளும் வேறுபடுகின்றன.

சரி, அளவு. 215/45 ஆர்17-ன் மொத்த விட்டம் ஏறக்குறைய 625 மி.மீ. இதை வைத்துத்தான் ஸ்பீடோமீட்டர், கியர், ஏபிஎஸ் எல்லாமே கணக்கிடப்பட்டிருக்கின்றன. 225/45 ஆர்17 போட்டால் 634 ஆகும், 1.4 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிடக் கார் அந்த அளவு வேகமாகப் போகும், ஒவ்வொரு கியரும் அதே அளவு நீண்டுவிடும். கீழ் ஆர்பிஎம்மில் ஏற்கெனவே மந்தமாக இழுக்கும் இந்த எஞ்சினுக்கு அது நல்லதில்லை, ஆனால் தாங்கிக்கொள்ளலாம். 225/40 ஆர்18 என்றால் 637, கிட்டத்தட்ட 2 சதவீதம். 235/40 ஆர்18 என்றால் 645, 3 சதவீதத்துக்கும் மேல், அந்தப் பக்கமே போக வேண்டாம். 245/40 ஆர்17-ன் விட்டம் 628-தான், கணக்குக்கு அருமையாகப் பொருந்துகிறது, ஆனால் அந்த டயருக்குக் குறைந்தது 8 அங்குல அகல ரிம் வேண்டும், நம் காரின் ரிம் 7 அங்குலம். புது ரிம் வாங்காமல் அதை நினைக்கவே கூடாது.

இந்த ரிம் அகலத்தைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. 225/45 ஆர்17-க்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 7-லிருந்து 8.5 அங்குலம் வரை, அதாவது நம் ரிம் அடி விளிம்பில் இருக்கிறது. பொருந்தும், ஆபத்தில்லை. ஆனால் பக்கச்சுவர் உப்பிக்கொண்டு நிற்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் டயர் முதலில் வளைந்து கொடுத்துவிட்டு அப்புறம்தான் கார் திரும்பும். அகலம் கூடினால் கூர்மையும் கூடும் என்று நம்பிப் போட்டவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். அதே 225-ஐ 7.5 அல்லது 8 அங்குல ரிம்மில் போட்டுப் பாருங்கள், வேறு கார் மாதிரி இருக்கும்.

அகலத்தைப் பற்றி இன்னொன்று. டயர் தரையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் கார் எடையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. 10 மி.மீ. அகலம் கூட்டினால் அந்தப் பரப்பு பெரிதாகிவிடாது, வடிவம்தான் மாறும், குறுக்கே அகலமாகவும் நீளவாக்கில் குட்டையாகவும். வளைவில் பக்கவாட்டுப் பிடிமானத்துக்கு அது உதவும். தேங்கிய தண்ணீரில் நேர்மாறு, அகல டயர் சீக்கிரமே தண்ணீரின் மேல் மிதக்க ஆரம்பிக்கும். மழையில் தினமும் ஓட்டுகிறவர் 215-லிருந்து விலக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

18 அங்குலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்து வந்த ஜிஆர்86-ன் சில ரகங்களில் கம்பெனியே 215/40 ஆர்18 மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 போட்டுத் தருகிறது, அந்தக் காரின் 2.4 லிட்டர் எஞ்சினுக்கு அது சரியான ஜோடி. ஜிடி86-ல் அதையே போட்டால் விட்டம் 629, பிரச்சினை இல்லை. ஆனால் பக்கச்சுவரில் 11 மி.மீ. போகிறது, குழியில் விழுந்தால் ரிம் அடி வாங்கும், சக்கரத்தின் எடையும் மையத்தை விட்டு வெளியே தள்ளிப்போகிறது. பார்க்க அழகு, அதை நான் மறுக்கவில்லை. ஓட்டுவதற்கு 17-தான்.

இனி பிராண்ட். தினசரி ஓட்டம், அவ்வப்போது மலைப்பாதை என்பவர்களுக்கு என் கணக்கில் மூன்று பேர்தான் போட்டியில்: மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 5, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் 6. மூன்றுமே 215/45 ஆர்17-ல் கிடைக்கும். பொட்டென்சாவின் பக்கச்சுவர் விறைப்பானது, ஸ்டீயரிங்கை அசைத்த உடனே மூக்கு திரும்பும், பதிலுக்குச் சாலையின் ஒவ்வொரு சில்லும் முதுகுக்கு வந்து சேரும். குட்இயர் மூன்றிலும் மென்மையானது, சத்தமும் குறைவு, நீண்ட பயணம் அதிகம் என்றால் அதுதான். மிஷெலின் நடுவில் நிற்கிறது, ஆனால் நடுவில் நிற்பதால் நான் அதைச் சொல்லவில்லை. பிடி விடப்போகிறது என்பதை முன்கூட்டியே கைக்குச் சொல்லிவிட்டு மெதுவாக விடுகிறது. பின்சக்கரம் இழுக்கும் இவ்வளவு இலகுவான காருக்கு, உச்சப் பிடிமானத்தைவிட இந்தக் குணம்தான் முக்கியம். பிரைமசியில் நமக்குப் பிடித்திருந்ததும் இதே குணம்தானே.

டிராக்குக்கு அடிக்கடி போகிறவர்கள் வேறு ஜாதி டயர் பார்ப்பார்கள்: பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09. காய்ந்த தரையில் இவற்றின் பிடி மேலே சொன்ன மூன்றுக்கும் எட்டாது. 71ஆர்எஸ் சட்டென்று சூடேறி ஒரு சுற்றிலேயே முழுப் பிடியும் கொடுக்கும், ஆனால் தேய்மானம் பயங்கரம். நியோவா கொஞ்சம் நிதானம், சுற்றுக்கு மேல் சுற்று ஓட்டினாலும் தாங்கும். இரண்டிலும் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு, குளிர்ந்த ஈரச்சாலையில் நம்பி ஓட்ட முடியாது. என் யோசனை, இதைத் தினசரி டயராகப் போடவே வேண்டாம், தனியாக ஒரு செட் ரிம்மில் மாட்டி வையுங்கள். 8 அங்குல ரிம், 225 அல்லது 245 என்று ஆசைப்படுவதற்கும் அதுதான் சரியான இடம்.

டயரில் அச்சிட்டிருக்கும் டிரெட்வேர் எண்ணை, அதாவது எவ்வளவு நாள் தேயாமல் உழைக்கும் என்று காட்டும் எண்ணை, வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த எண்ணைத் தயாரிப்பாளரே தான் நடத்திய சோதனையை வைத்துக் கொடுத்துக்கொள்கிறார். அமெரிக்காவின் எஸ்சிசிஏ என்ற கார்ப்பந்தய அமைப்பின் தெருக்கார் பிரிவில் குறைந்தது 200 வேண்டும் என்று விதி, அதனால் டிராக் டயர்கள் பலவும் சொல்லிவைத்தாற்போல 200-லேயே வந்து நிற்கின்றன. ஒரே 200 போட்ட இரண்டு டயர்கள் ஒரே அளவு தேயும் என்று நினைக்காதீர்கள்.

கம்பெனி டயரில் 87டபிள்யூ என்று இருக்கும். 87 என்றால் ஒரு டயருக்கு 545 கிலோ, டபிள்யூ என்றால் 270 கி.மீ. வேகம் வரை. புதிதாக வாங்குபவை பெரும்பாலும் 91 எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் வகை), 615 கிலோ தாங்கும். அதற்கும் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவிலேயே காற்றுப் பிடித்து ஆரம்பியுங்கள், மிருதுவாக இருக்கும் என்று குறைத்துவிட வேண்டாம், எக்ஸ்எல் டயர் அதே எடையைத் தாங்கக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம்தான் கேட்கும். டயரில் இருக்கும் நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள், 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம்.

கடைசியாக, மாட்டி முடித்ததும் கடையை விட்டு நகர்வதற்கு முன் நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து பாருங்கள். இந்த டயர்களில் பெரும்பாலானவற்றின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வேறுவேறு, வெளியே வரவேண்டிய பக்கத்தில் ஆங்கிலத்தில் அவுட்சைட் என்று எழுதியிருக்கும். எனக்கு ஒரு கடையில் பின்பக்கம் ஒரு டயரை உள்வெளி மாற்றி மாட்டிவிட்டார்கள், அலைன்மென்ட் சரியில்லை என்று நினைத்து இரண்டு வாரம் ஓட்டினேன், ஒரு மழைநாளில் அந்தப் பக்கம் மட்டும் நழுவியபோதுதான் இறங்கிக் குனிந்து பார்த்தேன்.