ஹோஸ்டிங் பேனலைக் காட்டி ரூ.18,500 வாங்கிக்கொண்டார்கள், டொமைன் எங்கள் பெயரிலேயே இல்லை

மூன்று ஆண்டுகளுக்கான டொமைன் (இணையதள முகவரி), ஹோஸ்டிங் (தளத்தை சர்வரில் வைத்திருக்கும் சேவை), மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரூ.18,500 என்று வாங்கிக்கொண்ட உள்ளூர் ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்று, நேற்று மாலை எங்களிடம் முழுவதுமாகக் கைவிரித்துவிட்டது. எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் இன்னும் சிலர் அதே நிறுவனத்திடம் இருப்பதால் உடனே எழுதுகிறேன்.

சென்னிமலையில் பெட்ஷீட் மொத்த வியாபாரம் செய்கிறோம். பில்லிலும் பார்சல் உறையிலும் எங்கள் டாட் காம் முகவரியைத்தான் அச்சடித்திருக்கிறோம். வெளியூர் ஆர்டர்கள் அதன் மின்னஞ்சலுக்குத்தான் வருகின்றன. பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் உரிமையாளரே கடைக்கு வந்து, மடிக்கணினியில் சீபேனல் என்ற ஹோஸ்டிங் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, டொமைனின் பதிவுகளைத் திருத்தும் சோன் எடிட்டரில், தளம் இருக்கும் சர்வரைக் காட்டும் ஏ பதிவு எது, மின்னஞ்சல் போகும் சர்வரைக் காட்டும் எம்எக்ஸ் பதிவு எது என்று பொறுமையாக விளக்கினார். என்னையே ஒரு துணை டொமைன் சேர்க்கச் சொன்னார். சில நிமிடங்களில் அது வேலை செய்தது. "சாவி உங்க கையிலயே இருக்குதுங்கண்ணா, இனி எங்களக் கேக்கவே வேண்டியதில்லைங்க" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ரூ.18,500-ஐயும் அங்கேயே அனுப்பினேன்.

அவர் காட்டியது சர்வரின் பேனல் மட்டுமே. ஒரு டொமைனுக்கு எந்த சர்வரின் பதிவுகள் செல்லுபடியாகும் என்பதை முடிவு செய்வது நேம்சர்வர். அதை மாற்றும் இடம் டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனமான ரிஜிஸ்ட்ராரிடம் உள்ள கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை அவர் எங்களுக்குத் தரவே இல்லை; அப்படி ஒரு கணக்கு தனியாக இருப்பதையும் சொல்லவில்லை.

தளம் அடிக்கடி படுத்துக்கொண்டதால் வேறு இடத்துக்கு மாற முடிவு செய்து, புதிய நேம்சர்வர் இரண்டையும் அனுப்பி மாற்றித்தரக் கேட்டோம். "மாற்றிவிட்டோம், பரவ 48 மணி நேரம் ஆகும்" என்று பதில் வந்தது. டாட் காம் பெயர்களின் மையப் பட்டியலை வைத்திருக்கும் பதிவகம் நேம்சர்வர் விவரத்துக்கு வைத்திருக்கும் ஆயுள் (மற்ற சர்வர்கள் பழைய விவரத்தை நினைவில் வைத்திருக்கக்கூடிய நேரம்) 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள் என்பதால், அந்தப் பொய் உண்மை போலவே ஒலிக்கிறது. ஆனால் உண்மையில் மாற்றியிருந்தால் பதிவகத்தின் ஹூயிஸ் விவரத்தில் (டொமைன் விவரங்களை யாரும் பார்க்கக்கூடிய தேடல்) சிறிது நேரத்திலேயே புதிய பெயர்கள் தெரிந்திருக்கும். நான் பார்த்தபோது பழைய நேம்சர்வர்களே இருந்தன. கடைசியாகத் திருத்திய தேதியும் மாறவில்லை. அதைவிடக் கொடுமையாக, ரிஜிஸ்ட்ராரின் ஹூயிஸ் விவரத்தில் டொமைனின் உரிமையாளர் என்ற இடத்தில் அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் இருந்தது. மூன்று ஆண்டுக்குப் பணம் வாங்கியவர்கள், ஓராண்டு ஓராண்டாகத்தான் பதிவு செய்து வந்திருக்கிறார்கள்.

கேட்டபோதெல்லாம் "டெக்னிக்கல் டீமிடம் சொல்லியிருக்கிறோம்" என்றார்கள். டிக்கெட் போட்டால், பதிலே எழுதாமல் 'தீர்க்கப்பட்டது' என்று மூடினார்கள். வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோடு கேட்டேன். டொமைன் உரிமையாளர் கேட்டால் ஐந்து நாளுக்குள் அதற்கு வழிசெய்ய வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதி. காகிதத்தில் உரிமையாளர் அவர்களே என்பதால், அந்த விதியும் எங்களுக்கு உதவவில்லை. நேற்று, எங்கள் பெயருக்கு மாற்ற மேலும் ரூ.15,000 கேட்டார்கள். மறுத்ததும் ஹோஸ்டிங் கணக்கை முடக்கினார்கள். பேனல் திறக்கவில்லை, வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்கள் திரும்பிப் போகின்றன, பழைய ஆர்டர் கடிதங்கள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. ரூ.18,500-ஐத் திருப்பிக் கேட்டால், "சேவை கொடுத்தாகிவிட்டது" என்று அந்த மனிதர் சொல்கிறார். எங்கள் கடையில் அமர்ந்து காபி குடித்துக்கொண்டு சாவியைப் பற்றிப் பேசியவரும் அவர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

எதை எப்படி அமைப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ரிஜிஸ்ட்ரார் கணக்கை உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் கைபேசி எண்ணிலும் திறந்து, டொமைனுக்கான பணத்தை நீங்களே நேரடியாகக் கட்டுங்கள். பதிவு செய்த அன்றே ஹூயிஸில் உரிமையாளர் பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். பெயர் மறைக்கப்பட்டிருந்தால் ரிஜிஸ்ட்ரார் கணக்கின் உள்ளே பாருங்கள். 48 மணி நேரம் என்று யாராவது சொன்னால், காத்திருக்கும் முன் நேம்சர்வர் மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். ஏற்கெனவே இப்படிச் சிக்கியிருந்தால், சோன் எடிட்டரில் உள்ள பதிவுகள், தளத்தின் கோப்புகள், மின்னஞ்சல்கள் அனைத்துக்கும் இன்றே நகல் எடுங்கள். வேறு இடம் போகப்போவதாக அவர்களிடம் வாய்திறக்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.