உயிருள்ள பாசி என்று விற்றார்கள், வந்தது சாயம் ஏற்றிய சருகு

இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து அம்மா மூன்று மாதமாகக் கட்டிலோடு இருக்கிறார். தோட்டத்துக்கு இறங்க முடியாதவருக்குத் தலைமாட்டில் கொஞ்சம் பச்சையாவது இருக்கட்டும் என்று ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் டெரேரியம், அதாவது மூடிய ஜாடிக்குள் ஒரு குட்டித் தோட்டம், அமைத்தேன். அடியில் கூழாங்கல், மேலே கரித்தூள், அதற்கு மேல் தென்னை நார்க்கழிவு, நடுவில் ஒரு சின்ன ஃபிட்டோனியா செடி. தரை முழுக்க விரிக்க, தாழப் படர்ந்து வளரும் கம்பளப் பாசி வேண்டும். "உயிருள்ள ஹிப்னம் பாசி" என்று இணையத்தில் விற்ற ஒருவரிடம் 640 ரூபாய் கொடுத்து இரண்டு பொட்டலம் வாங்கினேன்.

கூரியரில் வந்ததைப் பிரித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அப்படி ஒரு பச்சை. ஜாடியில் பரப்பித் தண்ணீர் தெளித்தேன். கண்ணாடியில் வழிந்த நீரும் பச்சையாக இறங்கியது. இலைச்சாறு என்று நினைத்துவிட்டேன்.

கண்டுபிடித்தவர் அம்மாதான். கையில் ஒரு கொத்தை வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாசிக்குள் சிக்கியிருந்த ஒரு காய்ந்த குச்சியை உருவி என்னிடம் நீட்டி, "இது ஏன் பச்சையாக இருக்கிறது?" என்று கேட்டார். குச்சி மட்டுமல்ல, அதில் ஒட்டியிருந்த வைக்கோல் துணுக்கும் அதே பச்சை. உயிருள்ள பாசியின் அடிப்பகுதி பழுப்பாகவும் நுனி இளம்பச்சையாகவும் இருக்கும். இதுவோ மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம்.

வந்திருந்தது பதப்படுத்திய பாசி. கிளிசரினும் சாயமும் ஏற்றி, சுவர் அலங்காரத்துக்கு விற்பார்கள். காய்ந்த இடத்தில் வைத்தால் அது நல்ல பொருள்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது செத்த பாசி. மூடிய ஜாடியின் ஈரத்தில் சாயத்தைக் கக்கும், பூஞ்சணம் பிடிக்கும். பார்க்கலாம் என்று நான் அசட்டையாக விட்டதில் ஒன்பதாம் நாள் வெண்பூஞ்சணம் படர்ந்து, ஃபிட்டோனியாவின் கீழ் இலைகள் அழுகிவிட்டன. மண்ணோடு எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று.

விற்றவரிடம் முறையிட்டேன். பதிலாக ஒரு வீடியோ வந்தது: சுருண்டு கிடக்கும் பாசியின் மேல் தண்ணீர் விடுகிறார்கள், சில நொடியில் இலைகள் விரிகின்றன. "பாருங்கள், உயிர் இருக்கிறது" என்கிறார். தயவுசெய்து இதை யாரும் நம்பாதீர்கள். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. பெரும்பாலான பாசிகளின் இலை ஒரே ஓர் உயிரணுத் தடிமன்தான். அந்த இலை நீரை அப்படியே உறிஞ்சி விரியும். உயிர் போன பின்னும் விரியும். தாவரச் சேகரிப்பகங்களில் பல ஆண்டுகளாக உலர்ந்து கிடக்கும் மாதிரிகளையும் ஆய்வாளர்கள் நனைத்து விரித்துத்தான் பார்க்கிறார்கள். புதிதாக இளம்பச்சைத் துளிர் வந்தால்தான் உயிர் என்று பொருள். அதற்குச் சில வாரங்களாவது ஆகும்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. "உயிருள்ள செடிகளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை." செத்ததை உயிர் என்று விற்றுவிட்டு, அந்த உயிரையே சாக்காகக் காட்டுகிறார்!

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தைகளில் விற்பவர்கள், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளை அனுப்பினால் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுக்க முடியாது. விற்பனைப் பக்கத்தின் படம், பணம் கட்டிய ரசீது, பச்சை நீர் வழியும் புகைப்படம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன்.

நீங்கள் வாங்குவதானால், பணம் கட்டும் முன் பாசியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழுப்பு இழைகளும் மண்ணும் தெரிய வேண்டும். கைக்கு வந்ததும் வெள்ளைத் துணியை நனைத்து அதன்மேல் அழுத்துங்கள். துணியில் மண் ஒட்டலாம், பச்சைக் கறை ஒட்டக் கூடாது. "பாசி விதை" என்று பொடி விற்பவர்களிடமும் போகாதீர்கள். பாசி விதையால் அல்ல, வித்துத்தூளால் பரவுவது. மலைக்காட்டு மரங்களிலிருந்து உரித்ததையும் வாங்க வேண்டாம். அது மீண்டும் படர எத்தனையோ ஆண்டுகளாகும்.

ஜாடியை வெந்நீரில் கழுவி மறுபடி அமைத்தேன். மழைக்குப் பின் எங்கள் கிணற்றடிச் சுவரில் பூத்திருந்த பாசியில் உள்ளங்கை அளவு மட்டும் பெயர்த்தெடுத்து, அடியில் காற்று இடைவெளி இல்லாமல் கட்டைவிரலால் அழுத்திப் பதித்தேன். இது கம்பளமாகப் படரும் வகையல்ல, நிமிர்ந்து மெத்தை போல வளர்வது. ஆனால் எங்கள் ஊர் வெயிலுக்குப் பழகியது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு இலையில் வெள்ளையாகப் படிவதால் பிடித்துவைத்த மழைநீரைத்தான் தெளிக்கிறேன். நேர்வெயில் பட்டால் மூடிய ஜாடி உள்ளே வெந்துவிடும் என்பதால் சன்னலிலிருந்து நான்கடி தள்ளி வைத்திருக்கிறேன். ஐந்தாவது வாரம் ஒரு ஓரத்தில் ஊசிமுனை அளவில் இளம்பச்சை தெரிந்தது. அம்மா பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

புகார் பதிந்த பிறகு 640 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. அதே பொட்டலம், அதே படம், "உயிருள்ள" என்ற அதே சொல்லோடு இன்று காலையும் விற்பனையில் இருக்கிறது.