விலையைப் பூட்டுவதா, வரியைப் போடுவதா?

அரசு சந்தையில் கை வைக்க இரண்டு வழிகள் உண்டு: விலைக்கு உச்சவரம்பு, இல்லையேல் வரி. இரண்டுமே குறி தப்பும், ஆனால் தப்பும் விதம் வேறு.

1971 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் விலையையும் கூலியையும் 90 நாளுக்கு முடக்கினார். மக்கள் கைதட்டினார்கள். 1973 ஜூனில் மறுபடியும் முடக்கம். இம்முறை கடையில் கோழிக்கறி விலை நின்றது, தீவன தானியத்தின் விலை நிற்கவில்லை. வளர்த்தால் நஷ்டம் என்று கணக்குப் போட்ட பண்ணைக்காரர்கள் குஞ்சுகளைப் பீப்பாய்த் தண்ணீரில் அமுக்கிக் கொன்றார்கள். கறியை மலிவாக்கப் போட்ட ஆணை, கறியையே இல்லாமல் ஆக்கியது.

வரியும் சாது அல்ல. 1991இல் ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகுகளுக்கு, அந்த உபரித் தொகையில் 10% வரி வந்தது. பணக்காரர் வேறு எதையாவது வாங்கிக்கொண்டார். வேலை போனது படகு கட்டிய தச்சருக்கு. (பணக்காரருக்கு ஆயிரம் வாசல், தச்சருக்கு ஒரே பட்டறை!) 1993இல் அந்த வரி ரத்தானது.

எனக்கு வரியே தேவலை. விலை கூடினாலும் சரக்கு கண்ணில் படும். உச்சவரம்பிலோ வரிசையும் கள்ளச்சந்தையும்தான் மிஞ்சும்.