பர்க்கா, டெப்ரெட்டா, ஆர்மி லிஸ்ட்டா? பிரபு வீட்டுப் பிள்ளைகளைத் தேடும் வழிகள்

பிரிட்டிஷ் பிரபுக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் தேடப் புறப்படுகிறவர் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது: தேடுவது பட்டத்துக்கு வந்தவரையா, அவருடைய தம்பிகளையா? பட்டமும் நிலமும் மூத்தவனுக்குப் போய்விடும். இளையவர்கள் பலர் ராணுவத்துக்கோ தேவாலயத்துக்கோ போனார்கள். எந்த நூலைக் கையில் எடுப்பது என்பது இதைப் பொறுத்துத்தான்.

நம்பகத்தில் முதலிடம், பிரபுப் பட்டங்களின் வரலாற்றைச் சொல்லும், கோகெய்ன் தொடங்கிய 'கம்ப்ளீட் பியரேஜ்' தொகுதிகளுக்கு. ஆதாரம் காட்டும், அடிக்குறிப்புகளில் குடும்பத்தார் மறைக்க விரும்பும் சங்கதிகளையும் போட்டுடைக்கும். ஆனால் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே அதில் தனிப் பதிவு. வெல்லெஸ்லி சகோதரர்களைப் பாருங்கள். ரிச்சர்ட், வில்லியம், ஆர்தர், ஹென்றி நால்வரும் பிரபுக்களானார்கள். பாதிரியாராக இருந்த ஜெரால்டு வலேரியனுக்கு அங்கே தனி இடம் இல்லை.

அவரைப் பிடிக்க 1826-ல் தொடங்கிய 'பர்க்' என்ற வம்சாவளி நூலுக்குத்தான் வர வேண்டும். தம்பி, தம்பி மகன், அவன் பிள்ளைகள் என்று கிளை கிளையாகப் போகும். குறை என்னவென்றால், பழைய பதிப்புகள் குடும்பங்கள் சொன்ன பெருமைக் கதைகளை அப்படியே அச்சிட்டன. வரலாற்றாசிரியர் ஃப்ரீமன் 1877-லேயே இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். 1066-ல் நடந்த நார்மன் படையெடுப்போடு இங்கிலாந்துக்கு வந்த மூதாதையர் என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகான விவரம் பெரும்பாலும் பரவாயில்லை. 'டெப்ரெட்' அந்தந்தக் காலத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கான கையேடு. குறிப்பிட்ட ஓர் ஆண்டில் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்க அந்த ஆண்டுப் பதிப்பு உதவும், அவ்வளவே.

சரி, ராணுவப் பக்கம். 1754 முதல் ஆண்டுதோறும் வந்த, ராணுவ அதிகாரிகளின் அதிகாரபூர்வப் பட்டியலான ஆர்மி லிஸ்ட் பெயர், ரெஜிமென்ட், பதவி, பதவி பெற்ற தேதி ஆகியவற்றைத் தரும். அப்பன் பெயர் இருக்காது. 1839-ல் ஹார்ட் என்ற அதிகாரி தொடங்கிய தனியார் லிஸ்ட், எந்தப் போரில் இருந்தார், எங்கே காயம்பட்டார் என்ற குறிப்புகளையும் சேர்த்தது. 1839 முதல் 1915 வரை என்றால் யோசிக்காமல் ஹார்ட்டை எடுக்கலாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இவ்விரு வகை லிஸ்ட்டுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

அரசு அறிவிப்புகள் வரும் அதிகாரபூர்வ இதழான லண்டன் கெஜட்டின் சுவை வேறு. இன்னார் விலகுகிறார், அவர் இடத்துக்கு இன்னார், 'விலைக்கு' என்றே அச்சிட்டிருக்கும். குதிரைப்படையிலும் காலாட்படையிலும் 1871 வரை பதவிகள் விலைக்குப் போயின அல்லவா? யார் விற்றார், யார் வாங்கினார் என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும். கொடுத்த உண்மையான தொகை மட்டும் தெரியாது. குதிரைப்படை லெப்டினன்ட் கர்னல் பதவிக்குச் சட்டப்படியான விலை 6,175 பவுண்டு. 1832-ல் 15-ஆம் ஹுஸ்ஸார் குதிரைப்படையின் தலைமைக்குப் பின்னாள் கார்டிகன் பிரபு 35,000 பவுண்டுக்கும் மேல் கொடுத்தார் என்று பேச்சு.

'பின்னாள்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1837-ல் தந்தை இறக்கும்வரை அவர் ப்ருடெனல் பிரபு. கிரிமியப் போரின்போது பலாக்லாவாவில் 1854-ல் இலகு குதிரைப்படையை நடத்திய 'கார்டிகன்' பெயரை 1832 லிஸ்ட்டில் தேடினால் ஆளே அகப்படமாட்டார். மேலே சொன்ன ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் பிரபு. அவர் விஷயத்தில் இன்னும் சிக்கல். 1787 மார்ச்சில் 73-ஆம் படையில் என்ஸைனாக (அதிகாரிகளில் கடைநிலை) சேர்ந்து, 1793 செப்டம்பரில் 33-ஆம் படையின் லெப்டினன்ட் கர்னலாகும்வரை அவர் மாறிய ரெஜிமென்ட்கள் மொத்தம் ஏழு! ஒரே ரெஜிமென்ட்டின் ஆவணத்தை மட்டும் புரட்டினால் துண்டுதான் கிடைக்கும். அதோடு, 1798 வரை குடும்பம் எழுதிய பெயர் 'வெஸ்லி'. கெஜட்டில் கணினித் தேடல் செய்பவருக்கு இன்னொரு தலைவலி: அக்கால அச்சில் நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும். 'எஸ்' இருக்கும் இடத்தில் 'எஃப்' போட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அச்சு நூல்களை எல்லாம் மிஞ்சுவது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ (போர் அலுவலகம்) 31 வரிசை. 1793 முதல் 1870 வரை தலைமைத் தளபதிக்கு வந்த பதவி விண்ணப்பங்களும் சிபாரிசுக் கடிதங்களும் அதில் இருக்கின்றன. எந்த மாமா யாருக்கு எழுதினார் என்பதெல்லாம் அங்கேதான். ஆனால் கெஜட்டில் பதவித் தேதியைப் பிடித்துக்கொண்டு போகாவிட்டால் பெட்டி பெட்டியாகப் புரட்ட வேண்டியிருக்கும்.

தேடும் தம்பி கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்திருந்தால் கதையே வேறு. கம்பெனிப் படை தனி. அதற்கு பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள்தான் சரியான இடம். கேடட்டாக, அதாவது அதிகாரிப் பயிற்சிக்காகச் சேர்ந்தவர்களின் தாள்களோடு ஞானஸ்நானச் சான்றும் இணைத்திருப்பார்கள். ஆர்மி லிஸ்ட்டில் கிடைக்காத அப்பன் பெயர் அதில் இருக்கும்.